வால்வு அம்பிளிபயரில் கள்ளச் சுரம்: மன்னார் கரையில் காரணம் தேடும் வழி

வாசிப்பது ஒரு சுரம், ஸ்பீக்கரில் வருவது இரண்டு. கிற்றாரின் மெல்லிய கம்பியில் பன்னிரண்டாம் பிரெட்டைத் தாண்டினால் அடியில் இன்னொன்று முனகுகிறது. அது பாட்டோடும் சேராது, சுருதியோடும் சேராது. எங்கள் வேலை மேசையில் இதற்குக் கள்ளச் சுரம் என்று பெயர். பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, வங்காலை என்று தீவிலும் அக்கரையிலும் இருந்து வால்வு அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர் இந்தக் குறையைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்பே யாரோ சொன்ன பேச்சில் வால்வுகளை மாற்றிக் காசைக் கரைத்துவிட்டும் வருகிறார்கள். இன்று புது வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, சீனா, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளில்தான் செய்யப்படுகின்றன. கப்பல் செலவும் வரியும் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது அவற்றின் விலை ஒரு தொழிலாளியின் பல நாள் கூலியாகிவிடுகிறது. குறை வேறெங்கோ இருக்கும்போது அந்தக் காசு வீண். எந்த ஒழுங்கில் தேடினால் குறைந்த செலவில் காரணம் பிடிபடும் என்பதை எழுதிவைப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இந்தப் பெட்டிகள் எமது கரைக்கு இரண்டு வழியால் வந்தன. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப்பிசை வடக்கெங்கும் பரவிய காலத்தில் கிற்றார் வாசித்தவர்கள் வைத்திருந்தவை முதல் வகை. 1990 இல் ராமேஸ்வரத்துக்குப் படகேறியவர்களோ மடுவுக்கு நடந்தவர்களோ இருபது கிலோ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகவில்லை. விட்டுப்போன வீட்டிலோ, உறவினர் வீட்டுப் பரணிலோ அவை வருடக்கணக்காகக் கிடந்தன. தப்பியவை சில. இரண்டாவது வகை, போருக்குப் பின் கனடா, ஜேர்மனி, இங்கிலாந்து என்று புலம்பெயர்ந்தவர்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கோ மருமகனுக்கோ அனுப்பியவை. இரண்டு வகைக்கும் நோய் வேறு. முதலாவதற்கு நீண்ட மௌனம் நோய். இரண்டாவதற்கு ஊர் மாறியது நோய்.

கனடாவில் இருந்து வந்த பெட்டியின் முதுகை முதலில் பாருங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றைக் குறைக்கும் ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. 60க்கு மட்டும் என்று செய்த உள் ரான்ஸ்போமர் 50இல் கூடுதலாகச் சூடேறும், இரும்பும் அதிரும். பெட்டியில் 50/60 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 60 மட்டும் இருந்தால் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு முன் ரான்ஸ்போமரைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இனி, கேட்பது உண்மையில் கள்ளச் சுரமா என்று உறுதி செய்ய வேண்டும். வால்வு அம்பிளிபயர் சுத்தமான கருவி அல்ல. வாசித்த சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளைத் தானாகவே சேர்க்கும். அந்தச் சேர்க்கைக்காகவே அதை விரும்புகிறோம். அவை சுரத்தோடு ஒட்டிப்போகும். அதேபோல, சத்தத்தைக் கூட்டி இரண்டு கம்பிகளை ஒன்றாக மீட்டினால் இரண்டின் வித்தியாசமும் கேட்கும். 110 ஹேர்ட்ஸும் 165 ஹேர்ட்ஸும் சேர்ந்தால் 55 ஹேர்ட்ஸ் முளைப்பது இயல்பு, பழுதல்ல. ஆகவே சோதனை எப்போதும் ஒற்றைக் கம்பி, ஒற்றைச் சுரத்தில். மற்றக் கம்பிகளைக் கையால் அழுத்தி அடக்கிவிடுங்கள்.

அம்பிளிபயரைத் திறக்குமுன் கிற்றாரைச் சந்தேகியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கரையில் கம்பி சில கிழமைகளிலேயே கறுத்துவிடும். துரு ஏறிய கம்பியின் தடிப்பு நெடுக ஒன்றாக இராது. அப்படிப்பட்ட கம்பி ஒன்றுக்கொன்று பொருந்தாத அதிர்வுகளைத்தான் தரும். அடுத்தது பிக்கப். அதன் காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் கம்பியை இழுத்து, மேல் பிரெட்டுகளில் இரட்டைச் சுரம்போல ஒலிக்கவைக்கும். தடித்த கம்பிகளில் இது கூடுதலாகத் தெரியும். பிக்கப் திருகாணியைச் சில சுற்று இறக்கிப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. இன்னொரு கிற்றாரைச் செருகினால் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்துவிடும்.

பிறகு அறை. தகரக் கூரை, அஸ்பெஸ்ரஸ் ஓடு, யன்னல் கண்ணாடி, ஆலய மண்டபத்தில் மெழுகுதிரித் தட்டு, எல்லாமே குறிப்பிட்ட ஒரு சுரத்துக்குக் கூட அதிரும். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் வாசித்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

காதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை எந்த அம்பிளிபயர்ப் புத்தகமும் எழுதுவதில்லை, ஆனால் எமது மக்களுக்கு இது பொருந்தும். முப்பதுகளில் இருக்கும் ஒரு வாசிப்பாளர், இரண்டு இடங்களில் திறந்து பார்த்த பெட்டியோடு வந்தார். வால்வு புதிது, கண்டென்சர் புதிது, ஆனாலும் மேல் சுரங்களில் இரட்டை என்றார். நான் கேட்டேன், எனக்கு ஒன்றுதான் கேட்டது. கைத்தொலைபேசியில் ஒலியின் அதிர்வெண்களைக் கோடாகக் காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. அதை ஸ்பீக்கருக்கு முன் பிடித்தோம். சுரமும் அதன் மடங்குகளும் மட்டும் நின்றன. இடது காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள் என்றேன். பொத்தினார். மற்றக் காதாலும் கேட்டார். ஒவ்வொரு காதுக்கும் சுரம் கொஞ்சம் வேறாக இருந்தது. 2009 இல் பதினாறு வயதில் பங்கர் வாசலில் ஷெல் விழுந்ததை அதன் பிறகுதான் சொன்னார்.

“அப்ப இது பழுதில்லையா அண்ணை?”

“பெட்டி பழுதில்லை தம்பி.”

வெடிப்பதிர்வால் உட்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் சேதமானால் கேட்கும் அளவு மட்டும் குறைவதில்லை. ஒரே சுரம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாக விழலாம். ஓயாத இரைச்சல் இருக்கலாம். உரத்த ஒலி மட்டும் கிழிந்து கேட்கலாம். இறந்த கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆனாலும் அரச வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேள்திறன் பரிசோதனை ஒன்று செய்துகொண்டால் எந்த அளவில் குறை, எந்தக் காதில் கூட என்று தெரியும். செவிப்பறைக் கிழிவு போன்ற சரிசெய்யக்கூடிய குறையும் அப்போது பிடிபடும். இரட்டைக் கேள்வி திடீரென்று, அண்மையில் தொடங்கியிருந்தால் நாள் கடத்தக் கூடாது. அந்தத் தம்பி இன்றும் வாசிக்கிறார். சுருதி சேர்ப்பது காதால் அல்ல, ரியூனர் கருவியால். மேடையில் நல்ல காதைப் பெட்டிக்குத் திருப்பி நிற்கிறார், காதடைப்பானும் போடுகிறார். இரண்டாவது ஆளை வைத்துக் கேட்பது, இரு காதையும் மாறிமாறிப் பொத்திப் பார்ப்பது: எந்தப் பெட்டிக்கும் இந்தச் சோதனையை இப்போது நான் முதலிலேயே செய்விக்கிறேன்.

கிற்றார், அறை, காது மூன்றும் தப்பினால் ஸ்பீக்கர். கோன் தாளின் ஓரம் கிழிந்திருந்தாலோ, நடுவில் உள்ள மூடி பசைவிட்டிருந்தாலோ, வொய்ஸ் கொயிலுக்குள் மணலோ துருத் தூளோ புகுந்திருந்தாலோ குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டும் கூடவே ஒன்று உராயும். மின்னை நிறுத்திவிட்டு, இரு கை விரல்களால் கோனைச் சமமாக மெல்ல உள்ளே அமுக்கி விடுங்கள். உராயும் ஒலி கேட்டால் காரணம் அதுவே. பழுதில்லாத கோன்கூடச் சில சுரங்களில் தானாக அழும். எனவே உறுதியான சோதனை, அதே ஓம் அளவுள்ள வேறு ஸ்பீக்கரை மாட்டிக் கேட்பதுதான். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு அம்பிளிபயரை ஒருபோதும் இயக்கி வாசிக்காதீர்கள். வெளியீட்டு ரான்ஸ்போமர் எரிந்துபோகும், அதுதான் பெட்டியில் விலை கூடிய உறுப்புகளில் ஒன்று.

இதுவரை செய்ததெல்லாம் மூடிய பெட்டியில் யாரும் செய்யக்கூடியவை. அடுத்து வருவதுதான் கள்ளச் சுரத்தின் வழமையான பிறப்பிடம்: மின்வழங்கல்.

வால்வுகளுக்கு நேர்மின்னோட்டம் வேண்டும். சுவரில் இருந்து வருவது ஆடலோட்டம், நொடிக்கு 50 சுற்று. அதைத் திருத்தி நேராக்கும்போது இரண்டு அரைச்சுற்றும் ஒரே பக்கம் மடிக்கப்படுவதால் 100 ஹேர்ட்ஸ் ஏற்றஇறக்கம் மிஞ்சும். அதை நிரவுவது பெரிய கண்டென்சர்களின் வேலை (பாடப்புத்தகத்தில் கொள்ளளவி என்பார்கள்). அவை முதுமையடைந்தால் ஏற்றஇறக்கம் வால்வுவரை போய்ச் சேரும். வாசிக்காதபோது அது வெறும் இரைச்சல். வாசிக்கும்போது உங்கள் சுரத்தோடு கலந்து, அதற்கு 100 கீழேயும் 100 மேலேயும் இரண்டு புதுச் சுரங்களைப் பெறும். மெல்லிய கம்பியின் பன்னிரண்டாம் பிரெட் 659 ஹேர்ட்ஸ். கூட வருவது 559, 759. இவை இரண்டும் எந்த இராகத்துக்கும் பொருந்தாத இடத்தில் விழுகின்றன. காது கீழ் உள்ளதைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். சத்தத்தைக் கூட்டும்போது வெளியீட்டு வால்வுகள் கூடுதல் மின்னோட்டம் இழுப்பதால் ஏற்றஇறக்கமும் கூடும். மெதுவாக வாசித்தால் இல்லை, கூட்டினால் வருகிறது என்று ஆட்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இதைத் திறக்காமலே உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. தடித்த ஆறாவது கம்பியின் மூன்றாம் பிரெட் 98 ஹேர்ட்ஸ். சத்தத்தைக் கூட்டி அதை நீட்டிப் பிடியுங்கள். ஏற்றஇறக்கம் மிஞ்சியிருந்தால் 98உம் 100உம் மோதி, நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும், படகு அலையில் ஆடுவதுபோல. ஒரு பிரெட் மேலே, ஒன்று கீழே போனால் ஆட்டம் வேகமாகி முரமுரப்பாக மாறும். அமெரிக்கக் காணொளிகளில் இந்தச் சுரம் வேறாகச் சொல்லப்படும். அங்கே ஏற்றஇறக்கம் 120 ஹேர்ட்ஸ். அவர்கள் சொன்ன இடத்தில் தேடி ஆட்டமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வழி மின்பிறப்பாக்கி. 1990களில் தடைப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தபோது சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட சமூகம் நாம். 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது மறுபடியும் மின்பிறப்பாக்கிகளைத் தூசு தட்டினோம். சிறிய மின்பிறப்பாக்கி சரியாக 50 ஹேர்ட்ஸில் ஓடாது. சுமை குறைந்தால் 52, 53 என்று ஏறும். அதில் செருகியதும் அந்தச் சுர ஆட்டத்தின் வேகம் மாறினால், குறை மின்வழங்கல் பக்கம்தான் என்பதில் சந்தேகமில்லை. இன்வேர்ட்டரில் சோதிக்க வேண்டாம். மலிவானவை சதுர அலை தருவதால் அவற்றின் சொந்த இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

இனிப் பெட்டியைத் திறக்கும் கட்டம். உள்ளே 300 முதல் 450 வோல்ற்வரை நேர்மின் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்டென்சரில் நிற்கும். கடற்கரையில் உப்பு வியர்வையோடு, ஈர நிலத்தில், வெறுங்காலோடு அதைத் தொட்டவர் எழுந்திருப்பார் என்று உத்தரவாதமில்லை. பழக்கமில்லாதவர் இந்த இடத்தோடு நிறுத்தித் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழக்கமுள்ளவர்: பிளக்கைக் கழற்றி, 10 கிலோ ஓம் 5 வாற் தடையியைக் காவலிட்ட கவ்விகளோடு கண்டென்சருக்குக் குறுக்கே சில வினாடி பிடித்து, மீற்றரில் பூச்சியத்தை அண்மித்ததைக் கண்ட பிறகே கை வைக்க வேண்டும். இரைச்சலைக் குறைக்க என்று பிளக்கின் புவிக் கம்பியை வெட்டிவிட்ட பெட்டிகளும் வருகின்றன. அதை முதலில் திரும்ப இணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. புவித்தொடர்பு இல்லாத பெட்டியில் உட்பழுது வந்தால் கிற்றார்க் கம்பியே உயிர்க்கம்பியாகிவிடும்.

கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டில் படிந்த மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையும் ஈரமான இரசாயனமும் இருக்கின்றன. சூட்டில் ஈரம் காயும். பாவிக்காமல் கிடந்தால் ஒட்சைட்டுப் படை மெலியும். பரணில் வருடக்கணக்கில் கிடந்த பெட்டியை நேரே சுவரில் செருகினால் பலவீனமான படை உடைந்து, கண்டென்சர் வெடித்து, சிலவேளை ரான்ஸ்போமரையும் கொண்டுபோகும். அப்படிப்பட்ட பெட்டியை முதலில் 40 அல்லது 60 வாற் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக வைத்து இயக்குங்கள். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் முழுப் பிரகாசமாக எரிந்து, பெட்டியைக் காப்பாற்றும். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. இழைக் குமிழ் கிடைப்பது அரிதாகி வருகிறது, எங்காவது கண்டால் இரண்டு வாங்கி வையுங்கள். இருபது வருடத்துக்கு மேற்பட்ட கண்டென்சரைச் சீராக்கிக் காப்பாற்றுவதைவிட மாற்றுவதே என் கட்சி.

எது பழுது என்று பார்க்க, மின்னை நிறுத்தி வெறுமையாக்கிய பின், அதே அல்லது கூடிய வோல்ற் அளவுள்ள நல்ல கண்டென்சர் ஒன்றை நேர் எதிர் முனை பிசகாமல் சந்தேகத்துக்குரியதற்கு இணையாக ஒட்டுங்கள். பெட்டியைப் பூட்டி வாசியுங்கள். கள்ளச் சுரம் மறைந்தால் அதுதான். வெளியீட்டு வால்வின் திரைமுனைக்கு மின் கொடுக்கும் இரண்டாவது கண்டென்சரை நான் முதலில் பார்ப்பேன். திரை வோல்ற் கொஞ்சம் ஆடினாலே வால்வின் மின்னோட்டம் முழுவதும் ஆடும். மாற்றும்போது பெரிதாக வைத்தால் இன்னும் நல்லது என்று எண்ணி அளவைக் கூட்டாதீர்கள். திருத்தும் வேலைக்கு வால்வு இருக்கும் பெட்டியில் முதற் கண்டென்சருக்கு எல்லை உண்டு: ஜீஸெட் 34க்கு 60 மைக்ரோபரட், ஈஸெட் 81க்கு 50. அதைத் தாண்டினால் இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வால்வு அடிவாங்கும்.

கண்டென்சர் சரியானாலும் கொஞ்சம் மிஞ்சினால் வெளியீட்டு வால்வுச் சோடியைப் பாருங்கள். எதிரெதிராக இயங்கும் சோடியில் இரண்டும் சமமாக இருந்தால் மின்வழங்கலின் ஏற்றஇறக்கம் ரான்ஸ்போமரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்று கிழடு, மற்றது புதிது என்றால் அழியாது. சோடியாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பயாஸையும் திரும்ப அளந்து வைக்க வேண்டும். பழைய சில பெட்டிகளில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் செய்த வால்வுகள் இன்னமும் வேலை செய்கின்றன. கழற்றியவுடன் எறியாதீர்கள்.

சிறிய வால்வு, அதாவது ஈசீசீ 83, தரும் குறை வேறுவகை. அது கண்ணாடி மணிபோலக் கிணுங்கும். எந்தச் சுரம் வாசித்தாலும் கிணுங்கல் ஒரே சுருதியில் நிற்கும். பென்சிலின் மரப் பக்கத்தால் வால்வை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். எல்லா வால்வும் கொஞ்சம் கேட்கும். நீண்டு ஒலிப்பதும் ஊளையாவதும்தான் பழுது. முதலிடத்தில் இருப்பதைப் பின்னிடத்துக்கு மாற்றினால் பலமுறை அதுவே போதும், புதிது வாங்கத் தேவையில்லை.

சுரத்தின் வாலில் முறுகிய எண்ணெய்போல ஒரு பொரிதல் ஒட்டிக்கொண்டு, மேல் ஒலிக் குமிழைத் திருப்பும்போது திடீரென்று தோன்றி மறைந்தால், பெட்டி காதுக்கு எட்டாத உயர் அதிர்வில் தானாக அலைகிறது. பழைய வேலையில் கம்பிகள் இடம் மாறியிருக்கும். காய்ந்த மூங்கில் குச்சியால், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க, ஒவ்வொரு கம்பியையும் மெல்ல நகர்த்திப் பார்ப்பதுதான் தேடும் முறை. பனை ஈர்க்கு பச்சையாக இருந்தால் வேண்டாம், அதில் ஈரம் உண்டு. இரவில் பெட்டிக்குள் இந்திய வானொலி பேசினால் உள்ளீட்டு முனையின் ஒட்டு பழுது, அல்லது முதல் வால்வின் முனைக்கு அருகில் இருக்க வேண்டிய 68 கிலோ ஓம் தடையி இல்லை. அக்கரை அருகில் என்பதால் வரும் தொல்லை.

கடைசியாக உப்பு. எமக்கே உரிய பழுது இது. பகலில் சுத்தமாக ஒலித்து, இரவு ஆராதனையில் மட்டும் முனகும் பெட்டிகள் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். தீவின் இரவுகள் அதைச் சுலபமாகத் தாண்டும். வால்வுச் சொக்கெற்றிலும் பலகையிலும் படிந்த உப்புப் படலம் அப்போது மின்கடத்தும், பயாஸ் ஆடும். வால்வுகளை நிறுத்திக் குளிரவைத்துக் கழற்றி, ஐசோபுரோபைல் மதுசாரத்தால் சொக்கெற்றையும் வால்வு ஊசிகளையும் தேய்த்து, மின்விசிறிக்கு முன் ஒரு நாள் காயவிடுங்கள். பச்சைக் களிம்பு பிடித்த சொக்கெற்றை மாற்றிவிடுவது நல்லது. பிறகு பெட்டியை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வைத்துப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்ரிக் மூடி ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். கிழமைக்கு ஒரு தடவை அரை மணிநேரம் இயக்கினால் வால்வின் சூடே உள்ளே உள்ள ஈரத்தை விரட்டிவிடும், கண்டென்சரும் உறங்கிப்போகாது.